மல்லாந்து நீந்தும்போது இடுப்பு ஏன் தாழ்கிறது?

பேக்ஸ்ட்ரோக் எனப்படும் மல்லாந்த நீச்சலைக் கற்பவர்கள் முதலில் கைவீச்சில்தான் கருத்தைச் செலுத்துகிறார்கள். ஆனால், தொடக்கத்தில் வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தாழ்ந்துபோன இடுப்பே. காற்று நிறைந்த நுரையீரல் மார்புக்குள் இருப்பதால், நீர் உடலை மேலே தள்ளும் மிதப்பு விசையின் மையம் மார்புப் பக்கமாகவும், உடல் எடையின் மையம் அதைவிட இடுப்புக்கு அருகிலும் அமைகின்றன. இவ்விரு விசைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் கால்கள் தாழ முற்படுகின்றன. அவை தாழ்ந்ததும் நீரை எதிர்கொள்ளும் பரப்பும் தடையும் கூடிவிடுகின்றன.

தலையைத் தூக்கிக் கால்விரல்களைப் பார்க்கும் பழக்கம் இதை மோசமாக்குகிறது. நீருக்கு வெளியே வந்த தலைக்கு மிதப்பு விசையின் துணை கிடைக்காது. அந்தச் சுமை உடலின் மேல் விழ, இடுப்பு இன்னும் இறங்குகிறது. காதுகள் நீருக்குள்ளும் பார்வை நேர் மேலேயும் இருக்க வேண்டும். உதைப்பு இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால் நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வரக் கூடாது.

அடுத்தது உடலின் உருளல். இந்த நீச்சலின் உயிர்நாடி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. தட்டையாகப் படுத்திருப்பவரின் கை, தோள்மூட்டின் அமைப்பு காரணமாக, முதுகுக்குப் பின்னால் அதிகம் செல்ல முடியாது. ஆகவே அது நீர்ப்பரப்பை ஒட்டியே, பலமற்ற நிலையில் துழாவுகிறது. உடல் பக்கவாட்டில் உருளும்போதோ, சுண்டுவிரல் முதலில் நீரில் இறங்க, கை ஆழத்துக்குச் சென்று, முழங்கை ஏறத்தாழ 90 பாகை மடங்கி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து நீரைப் பாதங்களை நோக்கித் தள்ள முடிகிறது. அதே வேளையில் மறு தோள் நீருக்கு வெளியே வருவதால் அங்கே தடையும் குறைகிறது. விதிப்படி உருளல் 90 பாகையை எட்டக் கூடாது. நடைமுறையில் அவ்வளவு தேவைப்படுவதும் இல்லை.

உடல் உருண்டாலும் தலை அசையக் கூடாது என்பதே கடினமான பகுதி. நெற்றியில் பாதி நீர் நிரப்பிய கோப்பையை வைத்து நீந்தும் பழைய பயிற்சி இதற்கு நன்கு உதவுகிறது. கோப்பை விழுந்தால் கழுத்தும் தோளோடு சேர்ந்து திரும்புகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

சுவர் கண்ணுக்குத் தெரியாததால், அதற்கு 5 மீட்டர் முன்பாகக் கொடிகள் கட்டப்படுகின்றன. கொடியிலிருந்து சுவர்வரை தமக்கு எத்தனை கைவீச்சு தேவை என்பதை ஒவ்வொருவரும் எண்ணி அறிய வேண்டும். வேகம் மாறினால் அந்த எண்ணிக்கையும் மாறக்கூடும் என்பதால், போட்டி வேகத்தில் நீந்தியே அதை எண்ணுவது நல்லது.