கோழி எச்சத்தில் உயிரோடு கிடந்த புழு

போன வாரம் சிவகங்கைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கொல்லையில் 15 நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார். இரண்டு விடலைகள் தீனி எடுத்தும் மெலிந்துகொண்டே போயின. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் குத்துகிறது, கொண்டை வெளுத்துவிட்டது. குடற்புழு மருந்து வாங்கி விடியற்காலைத் தண்ணீரில் கலந்து வைத்திருக்கிறார். மறுநாள் கூட்டைத் திறந்தால் எச்சத்தோடு வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். ஈர்க்குச்சியால் தொட்டால் மெல்ல அசைகின்றன. "சார், புழு சாகவே இல்லையே, போலி மருந்தா?" என்பது அவர் கேள்வி.

மருந்தின் பெயரைக் கேட்டேன். பிப்பரசின். சரி, அப்படியானால் கவலையே வேண்டாம். அந்த மருந்து புழுவைக் கொல்வதில்லை. செய்ய வேண்டிய வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

அவர் பார்த்தது பெரிய உருளைப்புழு, அஸ்காரிடியா கல்லி. நன்கு வளர்ந்த பெண் புழு 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். வேகவைத்த சேமியா மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தார், பொருத்தமான வர்ணனைதான். இதன் வாழ்க்கைச் சுற்று எல்லாரும் அறிந்ததே: எச்சத்தில் முட்டை வெளியேறும், ஈர மண்ணில் இரண்டு வாரம் போலக் கிடந்து தொற்றும் நிலைக்கு வரும், மேய்கிற கோழி அதைக் கொத்தி விழுங்கும். முட்டையிலிருந்து வரும் இளம்புழு சில நாட்கள் குடல் சுவருக்குள் புகுந்திருந்துவிட்டு, மறுபடி குடலின் உட்குழிக்கு வந்து வளரும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கும் விடலைகளுக்கும்தான் பாதிப்பு அதிகம். புழு நிறைய சேர்ந்துவிட்டால் குடலே அடைத்துக்கொள்வதும் உண்டு.

இந்தப் புழுவுக்குக் கொக்கி கிடையாது, உறிஞ்சியும் கிடையாது. வாயைச் சுற்றி மூன்று உதடுகள் மட்டும். குடலோ ஓயாமல் சுருங்கிச் சுருங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத புழு அங்கே எப்படித் தங்குகிறது? ஆற்று வெள்ளத்தில் ஒரே இடத்தில் நிற்கும் மீனைப் பார்த்திருப்பீர்கள். அது சும்மா நிற்பதில்லை, எதிர்நீச்சல் போட்டுக்கொண்டே இருக்கிறது. புழுவும் அப்படித்தான். இரவும் பகலும் நெளிந்து, உடலைக் குடல் சுவரில் முட்டுக்கொடுத்து, ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெளிவது நின்றால் அடித்துக்கொண்டு போய்விடும்.

அந்த நெளிவு எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத விஷயம். மண்புழுவுக்கு உடலைச் சுற்றி வளையத் தசையும் உண்டு, நீளத் தசையும் உண்டு. உருளைப்புழுவின் உடல் சுவரில் நீளவாட்டத் தசை மட்டுமே. உள்ளே திரவம் அழுத்தத்தோடு நிறைந்திருக்கும், காற்றடித்த சைக்கிள் டியூப் போல. முதுகுப் பக்கத் தசை சுருங்கும்போது வயிற்றுப் பக்கத் தசை தளர்ந்து இடம் கொடுத்தால்தான் உடல் வளையும். இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கினால் புழு கட்டையாகக் குறுகிவிடும். ஆகவே ஒரு பக்கத்துக்கு 'சுருங்கு' என்ற கட்டளை போகிற அதே நொடியில், எதிர்ப்பக்கத்துக்கு 'தளர்' என்ற கட்டளையும் போகிறது. சுருக்கச் சொல்லும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். தளரச் சொல்வது காபா. இந்த இரண்டும் மாறி மாறித் தலையிலிருந்து வால் வரை ஓட, புழு பாம்பு போல அலையடிக்கிறது.

இதில் இன்னொரு அதிசயமும் உண்டு. நம் உடலில் நரம்புதான் தசையைத் தேடி வருகிறது. உருளைப்புழுவில் தசை செல் தன் உடலிலிருந்து ஒரு கையை நீட்டி, நரம்புவடத்தைப் போய்த் தொட்டுக் கட்டளையைக் கேட்டு வாங்குகிறது. முதல் முறை படத்தில் பார்த்தபோது, பந்தியில் எல்லாரும் ஒரே சமயத்தில் கை நீட்டுவது போலிருந்தது.

பிப்பரசின் இந்த இடத்தில்தான் நுழைகிறது. தசை செல்லின் மேற்பரப்பில் காபாவுக்கென்று கதவுகள் இருக்கின்றன. காபா வந்து தொட்டால் கதவு திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், செல்லின் மின்னழுத்தம் இறங்கும், 'சுருங்கு' என்று நரம்பு எவ்வளவு சொன்னாலும் தசைக்கு உறைக்காது. பிப்பரசின் காபாவைப் போலவே அந்தக் கதவைத் திறக்கிறது. முதுகுக்கும் 'தளர்', வயிற்றுக்கும் 'தளர்'. நெளிவு அடங்குகிறது. புழு நனைந்த நூல் மாதிரித் துவண்டுவிடுகிறது. அப்புறம் அதை வெளியேற்றுவது மருந்து அல்ல, கோழியின் குடலேதான். வெளியே வந்த பிறகு மருந்தின் பிடி தளரத் தளர, புழுவுக்கு அசைவு திரும்பலாம். அந்த வாசகி பார்த்தது அதைத்தான்.

கோழி மட்டும் ஏன் துவளவில்லை? கோழியிலும் நம்மிலும் தசையின் வாசலில் காபாவுக்கு வேலை இல்லை. அது மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கிறது. சரியான அளவில் கொடுத்தால் பிப்பரசின் அங்கே போய்த் தொல்லை கொடுப்பதில்லை. அளவு மீறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே கண்ணளவில் ஊற்றாமல், கோழிகளின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள். எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதும் மருந்துக்கு மருந்து மாறும், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

புழுவின் நரம்பைப் பற்றி இவ்வளவு தெரிந்ததில் ஒரு பங்கு, மண்ணில் வாழும் 1 மில்லிமீட்டர் உருளைப்புழு ஒன்றுக்கு உரியது. சீனோராப்டிடிஸ் எலிகான்ஸ் என்ற அதன் 302 நரம்பு செல்களும் எப்படி இணைந்திருக்கின்றன என்ற முழு வரைபடம் 1986-இல் வெளியானது. யாருக்கும் நோய் தராத ஒரு புழுவுக்கு இத்தனை ஆண்டும் பணமுமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிவகங்கைக் கொல்லையில் நடந்ததை நான் இன்று உங்களுக்கு விளக்க முடிவதே அந்த மாதிரி ஆராய்ச்சியால்தான். உடனடிப் பலனை மட்டும் பார்த்து ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது தவறு என்று உறுதியாக நம்புகிறேன்.

எல்லா மருந்தும் இப்படி வேலை செய்வதில்லை. அல்பெண்டசோல், பென்பெண்டசோல் வகை மருந்துகள் புழு செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. உணவை உறிஞ்ச முடியாமல் புழு நாள்கணக்கில் சத்திழந்து சாகும், பாதி செரித்துப் போய்க் கண்ணில் படாமலும் வெளியேறும். "மருந்து கொடுத்தும் ஒன்றும் வரவில்லை" என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். எச்சத்தில் அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. பிப்பரசின் அதைத் தொடாது, பிரசிகுவான்டல் போன்ற வேறு மருந்து வேண்டும். நாடாப்புழுவில் பல வகைகள் எறும்பு, வண்டு வழியாகக் கோழிக்கு வருகின்றன.

குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை அரைத்துக் கொடுப்பது பற்றியும் கேட்டிருந்தார். பாக்கில் இருக்கும் அரிகோலின் நாய்களின் நாடாப்புழுவுக்கு மருந்தாகவே இருந்திருக்கிறது, ஆகவே தாவரம் என்பதற்காக நான் தள்ளமாட்டேன். ஆனால் பலித்ததா என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். கொஞ்சம் எச்சத்தை எடைபோட்டு அடர்ந்த உப்புநீரில் கலக்கினால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் தடித்த ஓடுள்ள நீள்வட்டங்களாகத் தெரியும் அவற்றை, கொடுப்பதற்கு முன்பும் பின்பும் எண்ணினால் போதும். செலவு மிகக் குறைவு. பாட்டி வைத்தியத்தை மேடையில் புகழ்வதை விட, ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு இதைச் செய்யப் பணம் கொடுப்பது அதற்குச் செய்யும் பெரிய மரியாதை.

வாசகிக்கு இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. வெளியே கிடக்கும் பெண் புழுவின் வயிறு நிறைய முட்டை. இன்றைக்கே தொற்றாது, இரண்டு வாரம் ஈரமண்ணில் கிடந்தால் தொற்றும். அதற்குள் அந்த எச்சத்தைக் கூட்டி அள்ளி எரித்துவிட்டு, கூட்டையும் பஞ்சாரத்தையும் தூக்கி நல்ல வெயிலில் வைக்கச் சொன்னேன். அப்புறம், குடல் சுவருக்குள் இருந்த இளம்புழுக்களைப் பிப்பரசின் சரியாக எட்டியிருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் அவை உட்குழிக்கு இறங்கிவிடும், அப்போது மருத்துவரிடம் கேட்டு அடுத்த வேளை மருந்து.