ரோபோ கையுறையை மாட்டிவிட்டு டிவி பார்க்காதீர்கள்

பக்கவாதத்தால் கை மடங்கிப்போனவருக்கு வீட்டார் ஆசையாக ஒரு ரோபோ கையுறை வாங்குகிறார்கள். மாட்டிவிட்டதும் பம்ப் ஓடுகிறது, விரல்கள் மடங்கி விரிகின்றன, அவர் டிவி பார்க்கிறார். சில மாதம் கழித்து, "தினமும் ஒரு மணி நேரம் போடுறோம், கை அப்படியேதான் இருக்கு" என்று வருகிறார்கள். சிலருக்கு விரல் மூட்டு வீங்கியும் இருக்கிறது. இது திரும்பத் திரும்ப நடப்பதால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

விரல் அசைந்தாலே கை சரியாகிவிடும் என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் மூலம். பக்கவாதத்தில் பழுதானது விரல் அல்ல, மூளையிலிருந்து விரலுக்குக் கட்டளை வரும் பாதை. அது மறுபடி பழக வேண்டுமானால் கட்டளை மூளையிலிருந்து கிளம்பியாக வேண்டும். நோயாளி சும்மா இருக்க, கையுறை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால் மூட்டு விறைக்காமல் இருக்கும், கொஞ்சம் வீக்கம் வடியும். நல்லதுதான். ஆனால் கட்டளை கிளம்பவே இல்லையே! ஆரோக்கியமானவர்களிடம் மணிக்கட்டு அசைவை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2003-இல் 'பிரெயின்' இதழில் வந்தது. கருவி அசைத்துவிட்டதைவிடத் தாமாக அசைத்துப் பழகியபோதுதான் திறன் அதிகம் கூடியது, மூளையில் மாற்றமும் அதில்தான் அதிகம். கையுறைக்கும் இதே கணக்குதான்.

"விரலையே அசைக்க முடியாதவர் எப்படி முயற்சி செய்வார்?" என்று அடுத்துக் கேட்பார்கள். அசையாவிட்டாலும் முயலலாம். கண் கையின் மேல் இருக்க வேண்டும். பம்ப் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பே அவர் விரல்களை விரிக்க முயல வேண்டும்; கையுறை விரித்து முடிக்கும்வரை அந்த முயற்சியை விடக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் "இப்ப விரிங்க, விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். நல்ல கையில் சென்சார் கையுறை போட்டு, அதன் அசைவையே மற்றக் கையின் கையுறையும் செய்யும்படி இயக்கும் கண்ணாடி முறையிலும் ஒரு சிக்கல் உண்டு: நல்ல கை மட்டும் உழைக்கும், மற்றது சவாரி செய்யும். இரண்டு கையாலும் ஒன்றாக முயலச் சொல்லுங்கள். தொடக்கத்தில் 20 நிமிடம் போதும். கவனம் சிதறினால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

அதன்பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பத்து நிமிடம் நிஜமான வேலை. பாதிக்கப்பட்ட கை பாட்டிலை அழுத்திப் பிடிக்க, மறுகை மூடியைத் திறக்கட்டும். துண்டை மேஜைமேல் தள்ளித் துடைக்கட்டும். ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். விடாதீர்கள்.

இனி இறுக்கம். இறுகிய தசையை வேகமாக இழுத்தால் இன்னும் இறுகும். ஆகவே கருவியில் உள்ளதிலேயே குறைந்த வேகம், குறைந்த அழுத்தம். மாட்டுவதற்கு முன் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிப் பிடியுங்கள், விரல்கள் தளரும். ஒவ்வொரு விரலாக விரித்து, பிறகே மணிக்கட்டை மெல்ல நேராக்குங்கள். உங்கள் கையால் பொறுமையாக விரிக்க முடியாத விரலைப் பம்ப் விரித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறுக்கத்தைக் குறைக்கும் சிகிச்சை அவருக்கு வேண்டுமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கையுறை ஓடும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். விரலின் நடு மூட்டு மடங்கியே இருக்க, உள்ளங்கையை ஒட்டிய மூட்டு மட்டும் பின்னால் வளைகிறதா? உடனே நிறுத்துங்கள். விரிக்கும் விசை தவறான மூட்டில் இறங்குகிறது. தொடர்ந்தால் அங்குள்ள தசைநார்கள் தளர்ந்துவிடும். பெரும்பாலும் இது அளவு தவறிய கையுறையால், அல்லது விரல் நுனிவரை சரியாக நுழைக்காததால் வருவது. கையுறையின் வளையும் பகுதி விரல் மூட்டுக்கு நேர் மேலே உட்கார வேண்டும். கட்டைவிரலை நுனியில் மட்டும் இழுக்கிற கையுறை வேண்டாம். அடிப்பகுதியிலிருந்தே அது விலக வேண்டும். முன்கை மேஜைமேல் முழுக்கத் தாங்கியிருக்கட்டும். மணிக்கட்டு தொங்கினால் அதைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையை (ஸ்பிளிண்ட்) போட்ட பிறகே தொடங்குங்கள். பலவீனமான தோளிலிருந்து கையுறையின் கனத்தோடு கையைத் தொங்கவிடவே கூடாது.

மோதிரத்தைக் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள், கையை நன்றாக உலர்த்துங்கள். உணர்ச்சி குறைந்த கை வலியைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் கழற்றியதும் விரலிடுக்கையும் மூட்டுகளையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்புத் தடம் இருந்தால் அன்று மறுபடி போடாதீர்கள். கை வீங்கி, சூடாகி, நிறம் மாறி, தொட்டாலே வலித்தால் கையுறையை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பு முறிவோ தசைநாண் தையலோ ஆன கைக்கு, அறுவை மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

வாங்கும்போது இன்னொன்று. பிடிவலுவைக் கூட்டித்தரும் கையுறை வேறு, பயிற்சிக் கையுறை வேறு. முதல் வகையில் பல, மூடத்தான் உதவும், விரிக்காது. விரல் விரியாதவருக்கு அதை வாங்கிப் பயனில்லை.

கடைசியாகக் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களின் வீட்டாருக்கு, மன்றாடியே கேட்கிறேன். ஆறாம் கழுத்து நரம்பு மட்டத்தில் அடிபட்ட பலருக்கு மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தானாக மடங்கும். அந்தப் பிடியில்தான் அவர்கள் கரண்டியும் பேனாவும் எடுக்கிறார்கள். விரல்களை மடக்கும் தசைகள் சற்றே குறுகியிருந்தால்தான் அந்தப் பிடி வலுவாக இருக்கும். சிகிச்சையில் வேண்டுமென்றே காப்பாற்றி வைக்கும் குறுக்கம் அது. மணிக்கட்டு தூக்கிய நிலையில் கையுறை விரல்களையும் முழுக்க விரித்து இழுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பிடி போய்விடும், திரும்பக் கொண்டுவருவது கடினம். இவர்களுக்கு விரல்களை விரிப்பதென்றால் மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும், மடக்குவதென்றால் மேலே தூக்கியிருக்க வேண்டும். இதை உங்கள் இயன்முறை மருத்துவர் நேரில் காட்டித்தரும்வரை பெட்டியைப் பிரிக்காதீர்கள்.