செலவைக் குறைத்தும் கடன் ஏறியது ஏன்?

2011 கடைசியில் கிரீஸ் நாட்டு மக்களுக்கு வந்த மின்கட்டண பில்லில் புதிதாக ஒரு தொகை சேர்ந்திருந்தது. சொத்து வரி. தனியாக நோட்டீஸ் அனுப்பினால் வசூலாகாது என்று நினைத்த அரசு, அதை மின்சார பில்லோடு கோத்துவிட்டது. கட்டாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும் என்றும் சொன்னது. வேலை போனவர், பென்ஷன் வெட்டப்பட்டவர் வீடுகளுக்கும் அந்த பில் போனது.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் கடன். 2009இல் கிரீஸின் பொதுக்கடன் அதன் ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், சுமார் 127 சதவீதம். அந்த ஒரு வருடத்துப் பற்றாக்குறை, அதாவது அரசின் வரவை மிஞ்சிய செலவு, மட்டுமே ஜிடிபியில் சுமார் 15 சதவீதம். 2010 மே மாதம் யூரோ நாடுகளும் ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நிதியமும் சேர்ந்து 110 பில்லியன் யூரோ கடன் தர முன்வந்தன. செலவை வெட்ட வேண்டும், வரியை ஏற்ற வேண்டும் என்பது நிபந்தனை. மதிப்புக் கூட்டு வரி நான்கே மாதங்களில் 19 சதவீதத்திலிருந்து 23 ஆனது. அரசு ஊழியர்களின் பண்டிகை போனஸில் கை வைத்தார்கள். 2012இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 751 யூரோவிலிருந்து 586 ஆக இறங்கியது.

பற்றாக்குறை குறையத்தான் செய்தது. ஆனால் கடன் விகிதம், அதாவது ஜிடிபியில் கடன் எத்தனை சதவீதம் என்பது, 2011 முடிவில் 170 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2012 மார்ச்சில், கடன் கொடுத்திருந்த தனியார் 100 பில்லியன் யூரோவுக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். அப்படியும் 2014இல் கடன் விகிதம் 180ஐ ஒட்டி நின்றது.

எங்கே பிசகியது? ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடுவதை நிறுத்தினால் மாதக் கடைசியில் பணம் மிஞ்சும். அதனால் அவர்கள் சம்பளம் குறையாது. நாட்டுக்கு அப்படியில்லை. அரசின் செலவு இன்னொருவரின் வரவு. ஆசிரியரின் சம்பளத்தை வெட்டினால் அவர் வழக்கமாகப் போகும் உணவகத்தில் வியாபாரம் படுக்கும். அங்கே பரிமாறுபவருக்கு வேலை போகும். அவர் கட்டிவந்த வரி நின்றுபோகும், அதற்கு மேல் அவருக்கு உதவித்தொகையும் கொடுக்க வேண்டிவரும்.

அரசு 1 யூரோவை வெட்டினால் ஜிடிபி எவ்வளவு சுருங்கும் என்பதைப் 'பெருக்கி' என்கிறார்கள். சூட்சுமம் முழுக்க இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜிடிபி 100, கடன் 127, ஜிடிபியில் 40 சதவீதம் வரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு 1 வெட்டுகிறது. பெருக்கி 0.5 என்றால் ஜிடிபி 99.5 ஆகும். வரியில் 0.2 போய்விடுவதால் உண்மையில் மிச்சமாவது 0.8. கடன் 126.2, விகிதம் ஏறக்குறைய 126.8. இறங்கியிருக்கிறது, ஆனால் நூலளவுதான். அதே பெருக்கி 1.5 என்றால்? ஜிடிபி 98.5, மிச்சம் வெறும் 0.4, கடன் 126.6. வகுத்துப் பாருங்கள், விகிதம் 128.5. வெட்டிய பிறகு சுமை ஏறியிருக்கிறது! பின்னத்தில் மேலே இருக்கும் கடனைவிடக் கீழே இருக்கும் ஜிடிபி வேகமாகச் சுருங்கியதுதான் காரணம். ஆரம்பக் கடன் பெரிதாக இருக்க இருக்க இந்த அடி பலமாக விழும். இது முதல் வருடக் கணக்கு. பொருளாதாரம் பிறகு எழுந்துகொண்டால் வெட்டின் பலன் மெல்லத் தெரியவரும். கிரீஸிலோ வெட்டின் மேல் வெட்டு விழுந்துகொண்டே இருந்தது.

வளர்ச்சிக் கணிப்புகளில் பெருக்கி 0.5 அளவில்தான் வைக்கப்பட்டிருந்தது, நெருக்கடிக் காலத்தில் உண்மையில் அது 0.9 முதல் 1.7 வரை இருந்திருக்கலாம் என்று 2012 அக்டோபரில் ஐ.எம்.எஃப். அறிக்கையே சொன்னது. அதன் தலைமைப் பொருளாதார நிபுணர் ஒலிவியே பிளான்ஷார், சக நிபுணர் டேனியல் லீயுடன் சேர்ந்து 2013 ஜனவரியில் விரிவான ஆய்வையும் வெளியிட்டார். தவற்றை ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் அதற்குள் கிரீஸில் வேலைக்குத் தயாராக இருந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வேலையில்லை.

இன்னொரு உதாரணமும் மனதை விட்டுப் போகவில்லை. 2012 அக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் மீதான வரியை அரசு பல மடங்கு ஏற்றியது. மக்கள் எண்ணெய் வாங்குவதை நிறுத்தி, கையில் கிடைத்த விறகை எரித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸிலும் தெசலோனிகியிலும் இரவானால் புகை மண்டியது. எண்ணெய் விற்பனை சரிந்தது, 2014இல் வரியை 30 சதவீதம் குறைக்க வேண்டியதாயிற்று.

சரி, சிக்கனம் எங்கேயும் பலிக்காதா? பலித்திருக்கிறது. 1995 பிப்ரவரியில் கனடாவின் நிதியமைச்சர் பால் மார்ட்டின் கடுமையான வெட்டுகளோடு பட்ஜெட் போட்டார். 1997-98இல் மத்திய அரசின் பற்றாக்குறையே மறைந்து, கடன் விகிதமும் இறங்கத் தொடங்கியது. அங்கேயும் வலி இருந்தது. ஆனால் பக்கத்து வீடான அமெரிக்கா அப்போது செழித்துக்கொண்டிருந்தது, கனடியப் பொருட்களை வாங்கியது. கனடிய டாலர் மலிவாக இருந்தது. மத்திய வங்கியால் வட்டியைக் குறைக்க முடிந்தது. அரசு பின்வாங்கிய இடத்தை ஏற்றுமதியும் தனியாரும் நிரப்பினார்கள். 2001இல் யூரோவுக்கு மாறிய கிரீஸிடம் மதிப்பைக் குறைக்கச் சொந்த நாணயம் இல்லை. வட்டி விகிதமும் அதன் கையில் இல்லை. பக்கத்து நாடுகளும் அதே நேரத்தில் கையை இறுக்கிக்கொண்டிருந்தன.

கொரோனா வந்த 2020இல் கிரீஸின் கடன் 200 சதவீதத்தைத் தாண்டியது. 2024இல் சுமார் 154க்கு இறங்கிவிட்டது. யூரோவில் எண்ணினால் இந்த நான்கு வருடங்களில் கடன் குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருக்கிறது. வளர்ச்சியும் விலைவாசி உயர்வும் சேர்ந்து பின்னத்தின் கீழே இருக்கும் ஜிடிபியைப் பெரிதாக்கிவிட்டன, பட்ஜெட்டும் உபரிக்குத் திரும்பியிருந்தது. ஆனாலும் அந்த ஜிடிபி, விலைவாசி உயர்வையும் சேர்த்தே, 2009இல் இருந்த அளவுக்குத்தான் மறுபடி வந்து நின்றது. 2009இல் 25 வயதில் வேலை தேடத் தொடங்கிய கிரேக்கருக்கு அப்போது வயது 40.