ஹியூமனாய்டு: மனிதவுருப் பொறி

தலை, உடல், இரு கை, இரு கால் என்று ஆளைப் போல அமைந்த ரோபோதான் ஹியூமனாய்டு. சொல்லின் முன்பாதி லத்தீன்: 'ஹுமானுஸ்', மனிதனுக்குரியது. பின்பாதி கிரேக்கம்: 'எய்டோஸ்', உருவம். இந்த 'ஆய்டு' ஒட்டைக் கவனிக்க வேண்டும். ஆஸ்டிராய்டு எனும் சிறுகோள் விண்மீன் அல்ல. தொலைநோக்கியில் விண்மீன்போலப் புள்ளியாகத் தெரிந்ததால் வந்த பெயர். ஹியூமனாய்டும் உருவத்தை மட்டுமே சொல்கிறது. திறமை தனிக்கணக்கு.

அந்தக் கணக்கில் முதலில் வருவது சுதந்திர இயக்கக் கூறுகள். ஒரு மூட்டு ஒரு அச்சில் அசைந்தால் ஒன்று என்று எண்ணுவார்கள். ஹோண்டா நிறுவனத்தின் ஆசிமோ என்ற ஹியூமனாய்டுக்கு, 2011ஆம் ஆண்டுப் பதிப்பில், மொத்தம் 57. ஒரு காலுக்கு இடுப்பில் 3, முழங்காலில் 1, கணுக்காலில் 2. ஆக இரு காலுக்கும் 12தான். உள்ளங்கையும் விரல்களும் மட்டும் பக்கத்துக்கு 13 வீதம் 26 எடுத்துக்கொண்டன. 130 செ.மீ. உயரம், 48 கிலோ எடையுள்ள அது மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஓடியது. காகிதக் குவளையைப் பிடித்துக்கொண்டு அதில் பானம் ஊற்றியதைத்தான் பெரிய வித்தை என்பேன். இறுக்கினால் குவளை நசுங்கும், தளர்த்தினால் நழுவும். ஊற்ற ஊற்ற எடையும் ஏறும். உள்ளங்கையில் தொடு உணரியும் விரல்தோறும் விசை உணரியும் வைத்துச் சமாளித்தார்கள்.

நடையில் பார்க்க வேண்டியது பாதம். தரையின் எதிர்விசை பாதத்தில் எங்கே குவிகிறதோ, அந்தச் சுழித் திருப்புத்திறன் புள்ளி (கவிழ்க்கும் திருப்பம் பூச்சியமாகும் இடம்) விளிம்புக்குப் போய்விட்டால் பாதம் ஓரத்தில் சாயும், பொறி விழும். பல பொறிகள் முழங்காலை மடக்கியே நடப்பதற்கும் காரணம் உண்டு. கால் முழுக்க நீண்டுவிட்டால் இடுப்பை ஏற்றி இறக்க முழங்கால் மோட்டாருக்குப் பிடி கிடைக்காது. மடக்கியே வைத்தாலோ மோட்டார் ஓயாமல் எடை தாங்கிச் சூடேறும். 2015இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்ப்பா அந்நாட்டில் நடத்திய ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்றில் பல பொறிகள் குப்புற விழுந்தன. வென்ற கொரிய ஹூபோ, சமதளத்தில் மண்டியிட்டுச் சக்கரத்தில் உருண்டது!

'ரோபோ' வேறு வழியில் வந்த சொல். 1921இல் பிராகில் மேடையேறிய காரெல் சாப்பெக்கின் நாடகம் அதைப் பரப்பியது. எடுத்துக்கொடுத்தவர் அவர் அண்ணன் யோசப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லா வேலையைக் குறித்து வரும் 'வெட்டி' மாதிரி.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இயந்திர மனிதன்' மனிதன் என்றே முடித்துவிடுகிறது. 'மனிதப்போலி' கள்ளநோட்டை நினைவூட்டும். 'எந்திரன்' ஊரறிந்த சொல், ஆனால் ஈறு ஆண்பால். 'எந்திரன் நடந்தான்' என்று எழுத நேரும். 'பொறி' பழைய சொல். சிலப்பதிகார மதுரை மதிலில் வளைவிற்பொறி இருக்கிறது. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறந்தது மயிற்பொறி. அந்த வாய்பாட்டில் 'ஆட்பொறி' கச்சிதமாக வரும். ஆனால் எலிப்பொறி எலியைப் பிடிப்பதாயிற்றே, ஆட்பொறியை ஆள்பிடிக்கும் பொறி என்று யாரும் படித்துவிடலாம். ஆகவே நீளமானாலும் 'மனிதவுருப் பொறி'. அது நடந்தது, விழுந்தது, எழுந்தது என்று அஃறிணையிலேயே எழுதலாம்.