சோலோ ஆல்பம்: தமிழில் தனிக்கோவை

1982 ஜூனில் ராபர்ட் பிளான்ட்டின் 'பிக்சர்ஸ் அட் லெவன்' வந்தது. லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் குரலாகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர், தம் பெயரை மட்டும் அட்டையில் போட்டுக் கொண்டுவந்த முதல் எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு, அது. இப்படிப்பட்ட இசைத்தட்டை ஆங்கிலத்தில் 'டெப்யூ சோலோ ஆல்பம்' என்பார்கள். தமிழில் எழுதும்போது இது 'அறிமுகத் தனி ஆல்பம்' என்றோ, 'தனி இசைத்தொகுப்பு' என்றோ ஆகிவிடுகிறது. இரண்டுமே பொருளைப் பாதியில் விட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம்.

ஆல்பம் என்பது லத்தீன் சொல். 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் சுண்ணம் பூசி வெளுத்த பலகையில் அரசு அறிவிப்புகளைக் கறுப்பு எழுத்தில் எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைதான் ஆல்பம். பெயர்ப் பட்டியல்களுக்கும் அதே பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழக மாணவர்கள் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்தும் நாலு வரியும் வாங்கிவைத்த வெற்றேட்டுக்கு அந்தப் பெயர் போயிற்று. அங்கிருந்து படம் ஒட்டும் ஏட்டுக்கு வந்தது. நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் இந்தக் கிளைதான்.

இசைக்கு இது எப்படி வந்தது என்பதைத் தட்டைக் கையில் பிடித்தால்தான் புரியும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசைதான் அடங்கும். நீண்ட இசையைப் பதிய நாலைந்து தட்டுகள் வேண்டும். அவை உடையாமலும் வரிசை மாறாமலும் இருக்க, கனத்த காகித உறைகளை ஏடுபோலத் தைத்து, கெட்டி அட்டை போட்டு விற்றார்கள். பார்த்தால் படம் ஒட்டும் ஆல்பமேதான். 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்.பி.யைக் கொண்டுவந்ததும் அத்தனையும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. ஏடு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. பீட்டில்ஸ் குழு 1968இல் படமே இல்லாத வெள்ளை உறையில் வெளியிட்ட இரட்டைத் தட்டை ரசிகர்கள் 'ஒயிட் ஆல்பம்' என்று அழைக்கிறார்கள். சொல்லின் வேரைத் தெரிந்தவர் காதில் அது 'வெள்ளை வெள்ளை' என்று விழும்.

தமிழுக்கு வந்த ஆல்பம் வேறொரு திருப்பம் எடுத்துக்கொண்டது. இன்று யூடியூபில் 'ஆல்பம் சாங்' என்றால் சினிமாவில் இடம்பெறாத பாட்டு என்று பொருள். ஒற்றைப் பாட்டாக இருந்தாலும் அது ஆல்பம்தான். எல்லாப் பாட்டும் திரைப்படத்தின் பெயரோடு நம்மிடம் வந்ததால், அந்தப் பெயர் இல்லாததைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. ஆகவே பிளான்ட்டின் தட்டை வெறுமனே 'ஆல்பம்' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு வேறு ஏதோ தோன்றவும் இடமுண்டு.

'தொகுப்பு' என்று எழுதலாமே என்பார்கள். தொகுப்பது என்றால் ஏற்கெனவே அங்கங்கே கிடப்பதை ஒன்று சேர்ப்பது. எட்டுத்தொகை அப்படித்தான், ஐங்குறுநூற்றைப் பாடியவர்கள் ஐந்து பேர், தொகுத்தவர் வேறொருவர், தொகுப்பித்தவர் இன்னொருவர். இசையிலும் பழைய பாடல்களில் பொறுக்கியெடுத்துப் போடும் தட்டுகள் உண்டு. தொகுப்பு, திரட்டு என்ற சொற்களை அவற்றுக்கு விட்டுவிட வேண்டும். ஒரே மூச்சில் திட்டமிட்டு, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, முதல் பக்கம் எங்கே முடிய வேண்டும் என்று பார்த்துக் கோத்ததற்கு நம்மிடம் 'கோவை' இருக்கிறது. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் ஒரே புலவர் பாடிய நானூறு பாடல்கள். காட்சியில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் அந்த வரிசையை மாற்றினால் கதை அறுந்துபோகும். 'பிக்சர்ஸ் அட் லெவன்' பக்கத்துக்கு நாலாக எட்டுப் பாடல்களைக் கோத்தது. முதல் பக்கத்தில் இரண்டாவதாக வருவதன் பெயர் 'மூன்லைட் இன் சமோசா'. ஆமாம், நாம் தின்னும் சமோசாதான்.

அடுத்து சோலோ. லத்தீனின் 'சோலுஸ்', இத்தாலியம் வழியாக இசைக்கு வந்த சொல். பொருள் ஒருவனாய், துணையில்லாமல். ஆனால் பிளான்ட்டின் தட்டில் அவர் ஒருவராய் இல்லை. கிதார் ராபி பிளன்ட், பேஸ் கிதார் பால் மார்டினெஸ், கீபோர்டு ஜெஸ் உட்ராஃப். பெரும்பாலான பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஜெனசிஸ் குழுவின் பில் காலின்ஸ். இரண்டுக்கு கோஸி பவல். ஒரு குழுவுக்குத் தேவையான எல்லாரும் இருக்கிறார்கள். பிறகு எங்கே சோலோ?

இந்த இடத்தில் தமிழின் 'தனி' லத்தீனைவிடக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தனிக்குடித்தனம் என்கிறோம். புருஷன், மனைவி, குழந்தைகள் என நாலு பேர் இருந்தாலும் அது தனிதான். கூட்டுக் குடும்பத்தின் அடுப்பிலிருந்து பிரிந்து தன் அடுப்பை மூட்டியதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. கச்சேரியிலும் அப்படியே. பிரதான கீர்த்தனை முடிந்ததும் பாடகர் வாய் மூடிக் கையில் தாளம் போட்டபடி பக்கம் திரும்பி உட்கார, வயலின் மடியில் இறங்க, மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்துக் கடைசியில் சேர்ந்து கோர்வை வைத்து முடிப்பார்கள். மூன்று பேர் வாசித்தாலும் அதன் பெயர் தனி ஆவர்த்தனம். 'தனி நன்றாக இருந்தது' என்று ரசிகர்கள் பேசிக்கொண்டே போவார்கள். ஆள் எண்ணிக்கையைவிட, பொறுப்பு யார் தலையில் என்பதே தனி.

பிளான்ட்டின் கதையில் அந்தப் பிரிவு தானாகத் தேடிக்கொண்டதல்ல. லெட் செப்பலினின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் அவருக்கு இளவயது நண்பர். அதற்கு முன்பே 'பேண்ட் ஆஃப் ஜாய்' குழுவில் இருவரும் ஒன்றாக இருந்தவர்கள். 1980 செப்டம்பர் 25 அன்று பானம் இறந்தார். வயது 32. டிசம்பர் 4ஆம் தேதி, இனி முன்போலத் தொடர முடியாது என்று மற்ற மூவரும் அறிவித்துவிட்டார்கள். அவர் இடத்தில் இன்னொருவரை உட்கார்த்திப் பழைய பெயரில் பாடியிருக்கலாம். அவர்கள் செய்யவில்லை. அந்த முடிவை எப்போது நினைத்தாலும் எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடுகிறது. பில் காலின்ஸின் நிலை வேறு. 1981இல் 'ஃபேஸ் வேல்யூ'வைத் தம் பெயரில் வெளியிட்டவர் ஜெனசிஸை விட்டு விலகவில்லை. இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

டெப்யூ பிரெஞ்சுச் சொல். விளையாட்டில் முதல் அடி அடிப்பதிலிருந்து பிறந்தது. இதற்கு நாம் வழக்கமாகப் போடும் 'அறிமுகம்' இங்கே பொருந்தாது. உலகமே அறிந்த குரலை யாருக்கு அறிமுகம் செய்வது? 'அரங்கேற்றம்' அழகான சொல்தான். ஆனால் அது ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் சோழன் அவையில் ஆடிய மாதவியைப்போல, கற்றுத்தேர்ந்து முதன்முறை மேடை ஏறுபவருக்கு உரியது. 'முதல்' என்ற எளிய சொல் போதும். அதையும் 'கோவை'யோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் 1967இலேயே பிளான்ட் தம் பெயரில் ஒற்றைப்பாட்டுத் தட்டுகள் வெளியிட்டிருக்கிறார்.

'தனிப்பாடற்கோவை' என்று நீட்டினால் தனிப்பாடல்களின் கோவை என்று பிரிந்து, தனிப்பாடல் திரட்டை நினைவூட்டிவிடும். 'தனிக்கோவை' என்று சுருக்கிவிடலாம். வாக்கியத்தில் வைத்தால் இப்படி இருக்கும்: 'வேல்ஸிலுள்ள ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான பிக்சர்ஸ் அட் லெவன், ராபர்ட் பிளான்ட்டின் முதல் தனிக்கோவை. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடமும் அமெரிக்காவில் 5ஆம் இடமும் பிடித்தது.'