சொல் விளக்கம்: குருதி-மூளைத் தடுப்பு

மருந்துக் குறிப்பு ஒன்றில் 'இரத்த மூளைத் தடை' என்று படித்துவிட்டு, "மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிச்சா?" என்று பதறிப்போய்க் கேட்டார் உறவினர் ஒருவர். அவர் மேல் தவறே இல்லை. தடை என்றதும் நமக்கு அடைப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் இது நோயின் பெயர் இல்லை. இரத்தத்திலிருந்து மூளைக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நல்ல உடம்பில் இரவு பகலாக நடக்கும் காவலின் பெயர்.

1885-இல் ஜெர்மனியின் மருத்துவ விஞ்ஞானி பவுல் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியது. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளையில் சாயம் பிடிக்காது போலும் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் அதே மாதிரிச் சோதனையைத் திருப்பிப் போட்டார். மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரிலேயே நீலச் சாயத்தைச் செலுத்தினார். இந்த முறை மூளை நீலமானது, உடம்பு ஆகவில்லை. சாயம் மூளையில் நன்றாகவே பிடிக்கிறது, இரத்தத்திலிருந்து அங்கே போகத்தான் வழியில்லை!

ஜெனீவாவில் இருந்த உடலியல் விஞ்ஞானி லீனா ஷ்டெர்ன் 1921-இல் இதைப் பிரெஞ்சில் 'பாரியேர் எமாட்டோ-ஆன்செஃபாலிக்' என்றார். கிரேக்கத்தில் 'ஹைமா' என்றால் குருதி, 'என்கெஃபலோஸ்' என்றால் தலைக்குள் இருப்பது, அதாவது மூளை. ஜெர்மன்காரர்கள் 'ஷ்ராங்கெ' என்கிறார்கள். ரயில்வே கேட்டில் ஏறி இறங்குகிறதே ஒரு கம்பம், அதற்கும் அந்த மொழியில் அதே பெயர்தான். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, ஏனென்றால் உள்ளே நடப்பதும் அப்படித்தான்.

மூளையின் தந்துகி எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாயின் சுவரில் உள்ள செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கின்றன. ஆக்சிஜன், காஃபீன், சாராயம் போன்றவை செல்லின் கொழுப்புப் படலத்தைக் கடந்து நேராகப் போய்விடும். குளுக்கோஸுக்குத் தனிக் கடத்திப் புரதம் உண்டு. வேண்டாத பலவற்றைப் பிடித்து இரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் பம்புகளும் உண்டு. சளிக்குக் கொடுக்கும் பழைய குளோர்ஃபெனிரமின் மாத்திரை உள்ளே புகுந்துவிடுவதால் தூக்கம் சொக்குகிறது. அதே வகையில் புதிய மருந்தான ஃபெக்ஸோஃபெனடினை அந்தப் பம்பு வெளியேற்றிவிடுவதால் பெரும்பாலும் சொக்குவதில்லை.

பார்க்கின்சன் நோயில் மூளைக்கு டோபமின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் போதாது. சரி, டோபமினையே கொடுத்தால் என்ன? உள்ளே போகாது. அதனால் லெவோடோபா கொடுக்கிறார்கள். அது அமினோ அமிலங்களுக்கான வாசல் வழியாக நுழைந்து, அப்புறம் உள்ளே டோபமினாக மாறுகிறது. கூடவே தரும் கார்பிடோபா அந்த வாசலைத் தாண்டாது. வெளியிலேயே நின்று, லெவோடோபா வழியில் வீணாகாமல் காக்கிறது.

தமிழில் 'இரத்த மூளைத் தடை', 'குருதி-மூளைத் தடுப்பு' என்றெல்லாம் எழுதுகிறோம். 'தடை' வேண்டாம் என்பேன், பக்கவாதத்தோடு குழப்பிவிடும். 'தடுப்பு' பரவாயில்லை. ஆனாலும் ஆளைப் பார்த்து உள்ளே விடுவதும் நிறுத்துவதும் 'காவல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. பாடநூலில் 'குருதி-மூளைத் தடுப்பு' என்றே இருக்கட்டும். நோயாளிக்குச் சொல்லும்போது 'மூளைக் காவல்' என்று சொல்லிப் பாருங்கள், யாரும் பதற மாட்டார்கள்.