காட்டுக் கொரில்லாவின் குடலில் புதிய பாக்டீரியா: பெயர் சூட்டுவதற்கு முன்

காட்டில் வாழும் குரங்கினங்களின் குடலில் புதிய பாக்டீரியா கண்டறியப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், அது மனிதருக்குப் பரவுமா என்றுதான் நுண்ணுயிரியலாளர்களாகிய எங்களிடம் முதலில் கேட்கிறார்கள். இவ்வாறு பெயர் பெறுபவற்றுள் பல, அந்த விலங்கின் குடலில் காலங்காலமாக இருந்து, அதன் உணவு செரிக்கத் துணைபுரிபவை. ஆகவே அச்சத்துக்கு முன்னால் அவை எப்படி இனங்காணப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மத்திய ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் மூகலபா-தூதூ தேசியப் பூங்காவில் வாழும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாவின் மலத்திலிருந்து, பிஃபிடோபாக்டீரியம் மூகலபென்ஸ் என்ற சிற்றினத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2014இல் வெளியிட்டார்கள். லாக்டோபாசில்லஸ் கொரில்லே என்ற இன்னொன்றும் அதே ஆண்டில் வெளியானது.

இத்தகைய ஆய்வுக்கு விலங்கைப் பிடிக்கவோ மயக்கவோ வேண்டியதில்லை. கொரில்லாக் கூட்டம் நகர்ந்துபோன பிறகு, ஈரம் காயாத மலத்தைப் பிளந்து, மண்ணும் ஈயும் தொடாத நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். மேற்பரப்பைச் சுரண்டினால், மண்ணில் வாழும் பாக்டீரியா வளர்ப்புத் தட்டில் வளர்ந்து, அதையே குடல்வாசி என்று நம்ப வைத்துவிடும். குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் நஞ்சு என்பதால், மாதிரியைக் காற்றுப் புகாமல் காத்து, ஆக்சிஜன் அகற்றிய ஜாடியில் 37 டிகிரி செல்சியஸில் வளர்க்கிறோம். அகார் என்ற கூழ் ஊடகம் நிரப்பிய தட்டில் பொட்டுப் பொட்டாகத் தோன்றும் பாக்டீரியாத் திரள்களில் (காலனிகளில்) ஒன்றை எடுத்து, அடுத்த தட்டில் கோடிழுத்துப் பரப்பி, ஒரே வகைப் பாக்டீரியா (திரிபு) மட்டும் மிஞ்சும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நுண்ணோக்கியில் பிஃபிடோபாக்டீரியம் நுனி கிளைத்த கோலாகத் தெரியும்; ஆனால் உருவத்தை வைத்துச் சிற்றினத்தைத் தீர்மானிக்க முடியாது.

எல்லாப் பாக்டீரியாவிலும் இருப்பதால் ஒப்பிட்டு இனங்காண உதவும், ஏறத்தாழ 1,500 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு, அறியப்பட்ட சிற்றினங்களோடு சுமார் 98.7 விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஒத்துப்போனால், புதியதாக இருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது. அதற்கு மேல் ஒத்திருந்தாலும் வேறு சிற்றினமாக இருக்க வாய்ப்புண்டு; எனவே முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறோம். வழக்கமான பெயரிடல் விதிகளின்படி, ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள பாக்டீரியாவை இரு வேறு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் ஒப்படைத்த பின்பே பெயர் செல்லுபடியாகும். ஆகவே, வெறும் மரபணு வரிசையை மட்டும் வைத்து "புதிய சிற்றினம்" என்று அறிவிப்பதை நான் தயக்கத்தோடுதான் படிக்கிறேன்.

உயிரியல் பூங்காவிலேயே மாதிரி எடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அடைத்து வளர்க்கப்படும் குரங்குகளின் குடல் நுண்ணுயிர்த் தொகுப்பு மனிதருடையதை நோக்கி மாறிவிடுவதை, டூக் குரங்குகளையும் ஊளைக் குரங்குகளையும் வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. காட்டுணவோடு வந்த பல பாக்டீரியாக்களைக் கூண்டுக்குள் தேடிப் பயனில்லை.

காட்டுக்குப் போகிறவர்கள் தங்களைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். கோட் டிவார் (ஐவரி கோஸ்ட்) நாட்டின் ‘தாய்’ (Taï) என்ற காட்டில் சிம்பன்சிகளைக் கொன்ற சுவாச நோய்த் தொற்றுகளுக்கு மனிதரிடமிருந்து சென்ற வைரஸ்களே காரணம் என்று 2008இல் நிறுவப்பட்டது. சளியோ இருமலோ உள்ளவர் அன்று காட்டுக்குள் போகவே கூடாது. மற்றவர்கள் முகக்கவசத்தோடு விலங்குகளிடமிருந்து விலகியே நிற்க வேண்டும். மலத்தில் ஒட்டுண்ணிகளும் கிருமிகளும் இருக்கலாம் என்பதால், மாதிரியைத் தொடுமுன் கையுறை கட்டாயம்.